துரோணர் பெயரில் ஒரு கட்டடம்

சென்ற மாதம் ஒரு பணிநிறைவுப் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஊர், கல்லூரி, பேராசிரியரின் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவர். நானும் அவரிடம் படித்தவன். மேடையில் பேசிய பதினோரு பேரும் ஒரே செய்தியை வெவ்வேறு அடைமொழிகளோடு சொல்லி அமர்ந்தார்கள். ஐயாவின் வகுப்பில் தேர்ச்சி எப்போதும் நூற்றுக்கு நூறு. பொன்னாடைகள் குவிந்தன, யாரோ வாழ்த்துப்பா வாசித்தார்கள் (வெண்பா என்றுதான் அறிவித்தார்கள், தளை தட்டியதைக் குறையாகச் சொல்ல அது இடமில்லை).

கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பழைய வகுப்புத் தோழர். இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். இன்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அந்த நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தேறுவது ஐயம் என்று தோன்றிய மாணவனுக்கு வருகைப் பதிவு போதவில்லை என்று ஹால் டிக்கெட் நிறுத்தப்படும். என் தோழர் இரவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். காலை முதல் வகுப்புக்கு நேரத்தோடு வந்த நாட்கள் குறைவு. அவருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். ஏன் தாமதம் என்று ஒருநாளும் அவரிடம் கேட்கப்படவில்லை. பதிவேட்டில் கோடு மட்டும் விழுந்தது.

ஏற்புரை முடிந்து கைதட்டல் அடங்கியபோது அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "சார் நல்ல வாத்தியார்தாம்ப்பா. எனக்குத்தான் அவரு வாத்தியாரா இல்லாமப் போயிட்டாரு."

வெறுப்பில்லாமல் சொன்ன வார்த்தைதான். ஆனால் நல்லாசிரியர் என்று நாம் யாரைச் சொல்கிறோம், அதை எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறோம் என்று அன்றிரவு முழுவதும் குடைந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்வியை அதன் முழு விகாரத்தோடு காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்கக் கணித உலகில் இருக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரு மாணவியும் கொண்டது. நம் நண்பர்களில் கணிதம் படித்த சிலருக்கு முதல் ஆசிரியரின் பெயர் தெரிந்திருக்கும். இரண்டாமவர் பெயர் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்படித் தெரியாமல் போனதே என் வழக்கின் முதல் சான்று.

*

முதலாமவர் ராபர்ட் லீ மூர். 1882இல் பிறந்தவர், இடவியல் என்னும் கணிதத் துறையை அமெரிக்காவில் வளர்த்தவர்களில் முக்கியமானவர். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை கற்பித்தார். அவர் வகுப்பில் பாடநூல் கிடையாது, விரிவுரை கிடையாது. சில அடிப்படை எடுகோள்களைக் கொடுப்பார். தேற்றங்களை மாணவர்களே நிறுவ வேண்டும். பிறர் எழுதியதைப் பார்த்துவிட்டு வருவது பாவம். 'மூர் முறை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அவரிடம் 50 பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள். அவர்களில் வைபர்ன், வைல்டர், பிங் ஆகிய மூவர் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களானார்கள். மேரி எல்லன் ருடின் போன்ற பெரும் கணிதமேதையும் அவர் மாணவியே. பெண் என்பதற்காக ருடினை அவர் ஒதுக்கவில்லை என்பதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்றுமுறை பற்றிய கட்டுரைகளில் அவர் பெயர் இன்றும் மரியாதையோடு வருகிறது. பல்கலைக்கழகம் 1973இல் தன் இயற்பியல், கணித, வானியல் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.

அந்த வகுப்புக்குள் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. ஜாடைமாடையாக ஒதுக்கினார் என்பதில்லை. மூர் தம் வகுப்பில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்.

மாணவியின் பெயர் விவியன் மலோன்-மேய்ஸ். 1932இல் டெக்சாஸின் வேகோ நகரில் பிறந்தவர். கறுப்பினத்தவர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், மேலே படிக்க விரும்பி 1961இல் சொந்த ஊரிலேயே இருந்த பெய்லர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணமாகக் கொண்டு மறுத்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகம் அப்படி மறுக்க முடியாது. 1950இலேயே உச்ச நீதிமன்றம் அதன் சட்டப் பள்ளிக் கதவைக் கறுப்பின மாணவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. ஆகவே ஆஸ்டினுக்குப் போனார். வகுப்பில் ஒரே கறுப்பர், ஒரே பெண்ணும்கூட. சக மாணவர்கள் முதலில் அவரோடு பேசவே இல்லை. உதவி ஆசிரியர் வேலை அவருக்கு மறுக்கப்பட்டது. பேராசிரியர்களும் மாணவர்களும் வகுப்பு முடிந்து காபி குடித்தபடி கணிதம் பேசும் கடையில் கறுப்பர்களுக்குக் காபி தரமாட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அந்தக் காபிக் கடை எத்தகைய இடம் என்று தெரியும். பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது. மூரின் வகுப்போ அடைத்த கதவு. சட்டம் பல்கலைக்கழகத்தின் வாசலைத்தான் திறந்தது. வகுப்பறையின் தாழ்ப்பாள் ஆசிரியரின் கையில் இருந்தது.

1966இல் வேறொரு பேராசிரியரிடம் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன்னை மாணவியாகச் சேர்க்க மறுத்த பெய்லர் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பணியமர்ந்த முதல் கறுப்பின ஆசிரியர் அவரே.

*

இத்தனை அவமதிப்பையும் தாங்கிக்கொண்டு கணிதத்தை விடாதிருக்கும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? மன உறுதி, இறையருள் என்றெல்லாம் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். உண்மையான விடைக்கு அவர் இளங்கலை படித்த இடத்துக்குப் போக வேண்டும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இருக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அது. கறுப்பினத்தவருக்காக ஏற்பட்டது. அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்தவர்கள் இருவர். ஒருவர் ஈவ்லின் பாய்ட்; 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். மற்றவர் லீ லோர்ச்.

லோர்ச் வெள்ளையர், 1915இல் நியூயார்க்கில் பிறந்தவர், உலகப் போரின்போது படையில் சேர்ந்து இந்தியாவிலும் பசிபிக் பகுதியிலும் இருந்துவிட்டுத் திரும்பியவர். (அவர் மனைவி கிரேஸ் பாஸ்டனில் பள்ளி ஆசிரியை. திருமணம் செய்துகொண்ட குற்றத்துக்காக வேலை இழந்தவர். மணமான பெண் ஆசிரியப் பணியில் இருக்கக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. இரண்டு பேருமே வேலை இழப்பதில் பயிற்சி பெற்றவர்கள்.)

ஸ்டைவசன்ட் டவுன் என்பது மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் நியூயார்க்கில் கட்டிய பெருங்குடியிருப்பு. அங்கே கறுப்பர்களுக்கு வீடு கிடையாது. அந்தக் குடியிருப்பில் வீடு கிடைத்த லோர்ச், அந்த விதிக்கு எதிராகக் குடியிருப்போரைத் திரட்டினார். சிட்டி காலேஜ் அவருடைய பணியை 1949இல் முடித்துவைத்தது. பென்சில்வேனியா மாநிலக் கல்லூரிக்குப் போனார். போகும்போது தம் நியூயார்க் வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பத்தை விருந்தினராகத் தங்க வைத்துவிட்டுப் போனார். ஒரே ஆண்டில் அங்கேயும் வேலை போயிற்று. ஐன்ஸ்டைன் உள்ளிட்டோர் கண்டித்தும் பயனில்லை. 1950இல் ஃபிஸ்க் அவருக்கு இடம் கொடுத்தது.

1951இல் நாஷ்வில் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வட்டாரக் கூட்டம் நடந்தது. லோர்ச்சும், ஈவ்லின் பாய்ட் உட்பட மூன்று கறுப்பினச் சகாக்களும் போனார்கள். கட்டுரை வாசிப்புக்கு வரலாம், விருந்துக்கு வரக்கூடாது என்றார்கள். நால்வரும் வெளியேறி, கணித அமைப்புகள் தம் விதிகளிலேயே பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லோர்ச் தம்பதியர் தங்கள் மகளை வீட்டுக்கு அருகிலிருந்த கறுப்பினக் குழந்தைகளின் பள்ளியில் சேர்க்க முயன்றார்கள். அந்த ஆண்டே காங்கிரஸின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு' அவரை விசாரணைக்கு அழைத்தது. குழுவின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். 1955இல் ஃபிஸ்க்கும் அவரை விட்டுவிட்டது. லிட்டில் ராக் நகரில் கறுப்பினத்தவருக்கான சிறு கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். 1957 செப்டம்பரில் அந்த நகரின் மையப் பள்ளிக்குத் தனியாக வந்து கும்பலிடம் சிக்கிக்கொண்ட எலிசபெத் எக்ஃபோர்டு என்ற சிறுமியின் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கும்பலுக்கு நடுவே அவளருகே போய் நின்று, பேருந்து ஏற்றி அழைத்துச் சென்றவர் கிரேஸ் லோர்ச். சில மாதங்களில் அவர்கள் வீட்டுக் கார்க் கொட்டகையில் வெடிமருந்து வைக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் நிலையான வேலை கிடைக்கவில்லை. 1959இல் கனடாவுக்குப் போனார்கள்.

இத்தனை அலைக்கழிப்புக்கு நடுவே ஃபிஸ்க்கில் அவருக்குக் கிடைத்தது ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே படித்த மூன்று பெண்கள் பின்னாளில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள். குளோரியா ஹியூவிட் 1962இல், மலோன்-மேய்ஸ் 1966இல், எட்டா ஃபால்கனர் 1969இல். அதற்கு முன் அந்நாட்டில் கணித முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற பின்னணியில் இந்த மூன்று என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்.

குளோரியா ஹியூவிட்டின் கதையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1956இல் ஃபிஸ்க்கில் பட்டம் பெற்றார். மேற்படிப்பு பற்றி அவருக்குத் திட்டம் எதுவும் இல்லை. எங்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வருகிறது. யார் எழுதியது? லோர்ச். மாணவிக்குச் சொல்லாமலே அவருக்காகப் பரிந்து எழுதியிருக்கிறார். தம் வேலையே போய்விட்ட, வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில். முதல் தலைமுறை மாணவருக்கு இன்ன இடத்தில் இன்ன படிப்பு இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் அது தனக்கானது என்று தோன்றாது. அந்த இடைவெளியில் ஒரு கடிதம் செய்யும் வேலையை எந்த உதவித்தொகையும் செய்துவிட முடியாது.

*

இப்போது கணக்குக்கு வருவோம்.

கணிதக்காரர்களிடம் வம்சாவளிப் பட்டியல் ஒன்று உண்டு. யார் யாருக்கு முனைவர் பட்ட நெறியாளர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டுவது. நம் புலவர் மரபில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் பரம்பரை என்று பெருமையோடு சொல்வது போல. அந்தப் பட்டியலில் மூரின் பெயருக்குக் கீழே ஐம்பது பேர். இந்த மூன்று பெண்களும் லோர்ச்சின் பெயருக்குக் கீழே இல்லை. ஃபிஸ்க்கில் முனைவர் பட்டப் படிப்பே கிடையாது. அவர்கள் வேறு பேராசிரியர்களின் பெயர்களுக்குக் கீழே இருக்கிறார்கள். கடைசித் தாளில் கையெழுத்திட்டவரின் பெயர் பதிவாகிறது. அந்தத் தாள்வரை கொண்டுவந்து சேர்த்தவரின் பெயர் பதிவாவதில்லை. பட்டியலைத் தயாரித்தவர்கள் மேல் பிழை சொல்ல மாட்டேன். அது எதைக் காட்டுவதற்கு ஏற்பட்டதோ அதைக் காட்டுகிறது. அதையே ஆசிரியரின் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும் நம் புத்தியைத்தான் குறை சொல்கிறேன்.

மூர் தம் காலத்தின் மனிதர் என்பார்கள். இந்தச் சாக்கை எழுத்தாளர்கள் விஷயத்திலும் இங்கே பலமுறை கேட்டிருக்கிறோம். 1951இல் விருந்தை விட்டு வெளியேறிய லோர்ச் எந்தக் காலத்தின் மனிதர்? 1961இல் சட்டமே கதவைத் திறந்துவிட்ட பிறகு தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் காலம் என்ன செய்யும்? காலம் அவருக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லப்போனால் அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே நம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சைவ மடத்தின் புலவராக இருந்துகொண்டே, சவேரிநாத பிள்ளைக்கும் குலாம் காதிறு நாவலருக்கும் பாடம் சொன்னார். மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இரண்டு விதமாகவும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு வாதம் சற்று நுட்பமானது. கற்பித்தல் வேறு, சமூக நீதி வேறு. மூரின் கற்பித்தலை அதன் அளவில் மெச்சலாமே என்பது. மெச்சலாம்தான், அவர் முறை எது என்பதை மறந்துவிட்டால். பின்னணியோ படித்த நூலோ கணக்கில்லை, உன் மூளையால் நிறுவு என்பதல்லவா அந்த முறையின் சாரம்? எல்லாரும் வெறுங்கையோடு தொடங்கும் வகுப்பு என்றால் அது யாருக்கு மிகவும் பொருந்தியிருக்கும்? நூலகமும் பயிற்சி வகுப்பும் படித்த பெற்றோரும் இல்லாமல் வந்தவர்களுக்கு அல்லவா? அவர்களை வெளியே நிறுத்தியவர், தம் கல்விக் கொள்கையைத் தாமே நம்பவில்லை என்றுதான் நான் முடிவு கட்டுவேன்.

லோர்ச் தரத்தைத் தாழ்த்தி மாணவிகளைத் தூக்கிவிட்டார் என்று முணுமுணுப்பவர்கள் அந்த மூவரின் பட்டங்களை எந்தப் பல்கலைக்கழகங்கள் கொடுத்தன என்று பார்க்கட்டும். வாஷிங்டன், டெக்சாஸ், எமரி. ஒன்றுகூட அவருக்குக் கடன்பட்ட இடமில்லை.

*

லோர்ச்சுக்கு அங்கீகாரம் கிடைக்காமல் போகவில்லை. எப்போது கிடைத்தது என்பதுதான் செய்தி. வேலையை விட்டு அனுப்பிய சிட்டி காலேஜ் அங்கம் வகிக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1990இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. 1951இல் விருந்து மண்டபத்தில் இடம் மறுத்த அதே கணிதச் சங்கம் 2007இல் தன் உயரிய சேவை விருதை வழங்கியது. அப்போது அவருக்கு வயது 91. 2014இல் டொராண்டோவில் காலமானார். மூரின் கட்டடத்திலிருந்து அவர் பெயரை டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2020இல், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை அடுத்த கொந்தளிப்புக்கிடையே, எடுத்துவிட்டது. ஆக நாற்பத்தேழு ஆண்டுகள், ஒவ்வொரு காலையும் கறுப்பின மாணவர்கள் அந்தப் பெயருக்குக் கீழே நுழைந்துதான் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறார்கள்.

விருது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவியல், கணிதம், பொறியியல் துறைகளில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளின் மாணவர்களுக்கு வழிகாட்டுவோரைக் கௌரவிக்க அமெரிக்க அதிபர் பெயரிலேயே ஒரு விருது 1996இல் ஏற்பட்டது. முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாபியா. மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் மகன். எட்டா ஃபால்கனர் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பல பத்தாண்டுகள் கறுப்பினப் பெண்களை அறிவியலுக்கு அனுப்பிவைத்தவர். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 2001இல் அவருக்கு வழிகாட்டிக்கான வாழ்நாள் விருதை அளித்தது. லோர்ச்சிடம் பெற்றதை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்ததற்கான விருது. அதற்கடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

ஆனால் விருது மலிவானது. பதக்கத்துக்கும் பட்டயத்துக்கும் ஆகும் செலவு சிறிது; புகைப்படம் நன்றாக வரும். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று வரும்போதுதான் ஒரு நிறுவனம் உண்மையில் எதை மதிக்கிறது என்பது வெளியாகும். 2025 ஜனவரியில் அமைந்த புதிய அரசு பன்மைத்துவம் சார்ந்த திட்டங்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தது. ஏப்ரலில், முப்பது ஆண்டுகளாக அந்த வழிகாட்டி விருதை நடத்திவந்த தேசிய அறிவியல் அறக்கட்டளையே, இதே வகை மாணவர்களை அறிவியலுக்குக் கொண்டுவருவதற்காகத் தான் கொடுத்திருந்தவை உட்பட நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. ஹவார்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அரசு அமைப்புகூட இல்லை. அதுவும் 6 கோடி டாலர் மதிப்புள்ள தன் திட்டத்தைப் பிப்ரவரியிலேயே மூடிவிட்டது. இந்தத் திட்டங்களில் உழைத்தவர்களுக்கும் 2070 வாக்கில் யாராவது கௌரவ முனைவர் பட்டம் கொடுப்பார்கள்.

*

அமெரிக்காவைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய அரசு 1985 முதல் வழங்கிவரும் விருதின் பெயர் துரோணாச்சார்யா. விளையாட்டுத் துறை விருதுதான். ஆயினும் ஒரு குடியரசு தன் ஆசான்களைக் கௌரவிக்கத் தேடியெடுத்த பெயர் அது என்பதைக் கவனியுங்கள். வேடன் மகன் என்று ஏகலைவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தவர். அவன் தானாகக் கற்றுக்கொண்டபின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர். ஏகலைவனைப் பற்றி நம் மொழியில் எத்தனை கவிதைகள்! எல்லாம் அறுந்த விரலின் சோகத்தைப் பாடுபவை. நாற்பது ஆண்டுகளாக அந்த விருது துரோணர் பெயரில் இருப்பது பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? மூர் கட்டடத்தின் பெயரையாவது மாற்றினார்கள்.

2007இல் வெளிவந்த தோரட் குழு அறிக்கை, தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் விசாரித்து எழுதப்பட்டது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அவர்களில் 69 சதவீதம் பேர் சொன்னார்கள். இடஒதுக்கீட்டால் வாசல் திறந்தது. உள்ளே தாழ்ப்பாள். ஆஸ்டின் கதைதான்.

அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரியில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் செந்தில்குமார் தற்கொலை செய்துகொண்டார். சேலம் மாவட்டத்துக்காரர், பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட தலித் குடும்பத்திலிருந்து முனைவர் பட்ட ஆராய்ச்சி வரைக்கும் போனவர். இறக்கும்போது அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அந்த ஒரு வரியை மெதுவாகப் படியுங்கள். ஓர் ஊரே எட்டாத தூரத்தை நடந்து கடந்து அங்கே போய்ச் சேர்ந்த ஒருவருக்கு, இவர் என் மாணவர் என்று சொல்ல அந்தத் துறையில் ஆள் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தபோது நாடு கொந்தளித்தது. செந்தில்குமார் நம் ஊர்ப் பிள்ளை. அவரைப் பற்றி நம் சிற்றிதழ்களில் எத்தனை பக்கம் வந்தது என்று தேடிப் பார்க்கலாம்.

நம் பதிவேடு என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆய்வு மதிப்பெண் கணக்கில், ஒரு மாணவர் முனைவர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10 மதிப்பெண். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு நெறியாளராக இருந்தாலும் 10. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவே ஓராண்டு போராடும் பெண்ணுக்கு நெறியாளராக இருந்தாலும் 10. எனவே புத்திசாலியான நெறியாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? செந்தில்குமார்கள் ஏன் ஒதுக்கப்படாமல் நிற்கிறார்கள் என்பதற்குச் சாதி வெறுப்பை மட்டும் காரணமாகத் தேட வேண்டியதில்லை. அந்த வெறுப்பு கூச்சமின்றி ஒளிந்துகொள்ள இந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது. விடுதிக்குப் போய்ப் பார்த்தது, உதவித்தொகை வரத் தாமதமானபோது மெஸ் கட்டணத்துக்குக் கைப்பணம் கொடுத்தது, இரண்டு அரியர் வைத்தவனை மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது ஆகியவற்றுக்கு எந்தப் படிவத்திலும் பத்தி இல்லை. இவற்றைச் செய்துகொண்டிருக்கும் ஆசிரியர்கள் நம் அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். எனக்கே மூன்று பேரைத் தெரியும். மூவரில் ஒருவர் இன்றும் இணைப் பேராசிரியராக உயரவில்லை, கட்டுரைகள் போதவில்லையாம். மற்றொருவர் கௌரவ விரிவுரையாளர், அதாவது 'கௌரவம்' என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு.

அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த நான் வரமாட்டேன். அந்தப் படிவத்தில் ஒரு பத்தி சேர்க்கட்டும். வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, நடுவில் போனவர்கள் யார், ஏன் போனார்கள், அவர்களைத் தேடிப் போன ஆசிரியர் யார் என்று எழுதட்டும். பதவி உயர்வுக் குழு அதைப் படிக்கட்டும். கட்டுரை எண்ணிக்கைக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியை அதற்குக் கொடுத்தாலே போதும், அடுத்த ஆண்டே பல பேராசிரியர்களுக்குச் சமூக அக்கறை சுரந்துவிடும். அது போலியாக இருக்கும் என்கிறீர்களா? இருக்கட்டுமே. கட்டுரைகளில் போலி இல்லையா என்ன?

விழா மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பேராசிரியரின் கற்பித்தல் திறன் பற்றி இரண்டு பக்கம். அவர் நன்றாகவே கற்பித்தார். மின்காந்தவியலை அவரிடம் கற்றதால்தான் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எழுதுகிறேன் என்றேன். அதற்கு முன் அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடும், ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலும் பார்க்கக் கிடைக்குமா என்று மலர்க் குழுவுக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மலர் அச்சுக்குப் போய்விட்டதாகத் தோழர்தான் கடையிலிருந்து தொலைபேசியில் சொன்னார். அவருடைய மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அங்கே எனக்குத் தெரிந்த வாத்தியார் யாராவது உண்டா என்று கேட்டார்.